கோணமடையார் ஆங்கிலத்தைப் பங்கிட்ட வரலாறு

கோணமடை நடுநிலைப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும், காலஞ்சென்ற பெரியநாயகம் அவர்களின் மூத்த குமாரரும், எந்தக் காரியத்தையும் நாலு பேரைக் கலக்காமல் கெடுப்பதில்லை என்று பெயர் எடுத்தவருமான திருவாளர் அரியநாயகம் அவர்களுக்கு, இவ்விவகாரம் தொடங்கிய கார்த்திகை மாதத்தில், வயது அறுபத்து மூன்று நிறைந்து அறுபத்து நான்கு நடந்துகொண்டிருந்தது.

அவருக்கு ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் தெரியும். அடிக்கடி எடுத்தால் தேய்ந்துவிடும் என்று அவற்றை அன்றாடம் புழங்குவதில்லை. கல்யாணம், சடங்கு போன்ற விசேஷங்களில் மட்டும் ஒன்றை வெளியே எடுத்துச் சொல்லிவிட்டு, மறுபடி பத்திரமாக வைத்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவர் தலையில் அந்த மாதம் இடி விழுந்தது. கோணமடையிலும், குளத்துக்கு அக்கரையில் இருக்கும் புதுமடையிலும் பிள்ளைகள் குறைந்துபோனதால், இரண்டு பள்ளிகளில் ஒன்றின் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளை மற்றதோடு சேர்த்துவிடப் போகிறார்களாம். மார்கழிப் பிறப்பன்று கல்வி அதிகாரி அம்மாள் நேரில் வந்து இரண்டு ஊர்ப் பிள்ளைகளையும் ஆங்கிலத்தில் சோதிப்பார். எந்த ஊர்ப் பிள்ளைகள் தேறுகிறார்களோ, அந்த ஊருக்குப் பள்ளி.

இடி விழுந்ததைக் கூட அரியநாயகம் பொறுத்துக்கொண்டிருப்பார். அதற்கு மேல் நெய் ஊற்றியவர் அவருடைய சம்பந்தி சங்கரபாண்டியன். புதுமடைக்காரர். அரியநாயகத்தின் மகனுக்குப் பெண் கொடுத்தவர். டீக்கடையில் பத்துப் பேர் நடுவில் வைத்து அவர் சொன்னார்:

"நீங்க ஒண்ணும் விசாரப்படாதிய சம்பந்தி. உங்க ஊர்ப் பிள்ளையளும் நம்ம பிள்ளையதானே? எங்க பள்ளிக்கூடத்துல ஒரு ஓரமாப் பாய் விரிச்சு உக்கார வைக்கோம்."

பெண்ணைக் கொடுத்த வீட்டுக்காரர் மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கு ஓரத்தில் பாய் விரிப்பதா? அரியநாயகம் குடித்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். பள்ளி கோணமடையை விட்டுப் போனால், தாம் இனிச் சம்பந்தி வீட்டு வாசலில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்பது அவருக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது.

கோணமடைப் பள்ளியில் ஆங்கிலம் தெரிந்தவர் ஒருவரே. அவர் ஜெபக்கனி டீச்சர். பொங்கல்வரை நடக்கும், ஆங்கிலத்தை எப்படிக் கற்பிப்பது என்ற பயிற்சிக்கு அவரைச் சரியாக அந்தச் சமயத்தில் மாவட்டத் தலைநகருக்கு அழைத்துவிட்டார்கள். பஸ் ஏறுமுன் கழகத்தாரைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"நான் வர்றவரைக்கும் நடத்தின பாடத்தைத் திரும்பப் படிக்க வைங்க. எழுத்துக்கூட்டல், இலக்கணம், புதுச் சொற்கள், உவமை, இந்த நாலுந்தான். ஒரே பிள்ளை தலையில எல்லாத்தையும் ஏத்திராதீங்க. ஆளுக்குக் கொஞ்சமாப் பிரிச்சுக் குடுங்க. புரியாததைச் சொல்ல விடாதீங்க."

பஸ் போய்விட்டது. கழகத்தார் அரசமரத்தடியில் கூடினார்கள். தலைவர் அரியநாயகம், ஊர்க் குளத்தின் மடையைத் திறந்து வயல் வயலாக முறைத் தண்ணீர் பாய்ச்சும் தளவாய், ஆடு வளர்க்கும் ஊர்க்காவலன், மகளிர் சார்பில் மாடத்தி. இந்த நால்வரே கழகம்.

"டீச்சர் சொன்னதுல ஒரு நியாயம் இருக்குவே" என்று தொடங்கினார் தளவாய். "குளத்துத் தண்ணி பூராத்தையும் ஒரே வயலுக்குத் திறந்துவிட்டா என்ன ஆகும்? வரப்பு உடையும். பிள்ளைய தலையும் அப்படித்தான். இங்கிலீசுல எழுத்து எத்தனை?"

"இருபத்தாறு" என்றார் அரியநாயகம். எண்ணிக்கை அவருக்குத் தெரியும்.

"மூணு வகுப்புலயும் பிள்ளைய எத்தனை?"

"இருபத்தேழு" என்றாள் மாடத்தி.

"பிறகென்ன? ஆளுக்கு ஒரு எழுத்து. அவனவன் எழுத்தை அவனவன் பாத்துக்கிடட்டும். முறைத் தண்ணிக்குச் சீட்டுப் போடுத மாதிரி சீட்டுப் போட்டுருவோம்."

இவ்வளவு எளிய வழி இருக்க, உலகத்தில் எல்லாப் பிள்ளைகளும் இருபத்தாறு எழுத்தையும் சுமந்து திரிகின்றனவே என்று அரியநாயகம் மனம் வருந்தினார்.

பிள்ளையார் முன் சீட்டுக் குலுக்கி எடுக்கப்பட்டது. மாடத்தியின் மகனுக்கு ஈ என்ற எழுத்து விழுந்தது. தளவாயின் பேரனுக்குக் கடைசி எழுத்தாகிய இஸட். ஊர்க்காவலனின் மகளுக்கு வந்த சீட்டில் ஒன்றுமே இல்லை. அவள்தான் இருபத்தேழாவது.

"எம்மவளுக்கு மட்டும் ஒண்ணும் கிடையாதா?" என்று ஊர்க்காவலன் துண்டை உதறி எழுந்தார். அரியநாயகம் கண்ணை மூடி யோசித்து, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் விடும் இடைவெளியாக அவளை நியமித்தார். ஊர்க்காவலன் அன்று மாலை தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்: "எம்பிள்ளை நிக்கலைன்னா இங்கிலீசே ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுப் போயிரும், பாத்துக்கோ."

மறுநாள் முதல் எழுத்துக்கூட்டல் பயிற்சி பள்ளி மைதானத்தில் நடந்தது. தலைமையாசிரியர் காது கேளாதவர். பிள்ளைகள் ஓடியாடுவதைப் பார்த்து விளையாட்டு வகுப்பு என்று மகிழ்ந்திருந்தார். பாடப் புத்தகத்தை விரித்து ஊர்க்காவலன் ஒரு சொல்லைக் காட்டுவார். அதற்குரிய பிள்ளைகள் ஓடிவந்து வரிசையில் நிற்பார்கள். சொல் நின்றுவிடும்.

பெல் என்ற சொல்லில் சிக்கல் வந்தது. அதற்கு எல் இரண்டு வேண்டும். இருப்பது ஒரே ஒரு எல். அந்தப் பையன் மூன்றாம் இடத்தில் நின்றுவிட்டு நான்காம் இடத்துக்கு ஓடினான். மூன்றாம் இடம் காலியானது. மறுபடி மூன்றுக்கு ஓடினான். நான்கு காலியானது.

"இன்னும் வேகமா ஓடுலே! ரெண்டு இடத்துலயும் இருக்கணும்!" என்று ஊர்க்காவலன் கத்தினார்.

அரியநாயகம்தான் தீர்வு கண்டார். டவுன் பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல, மூன்றாம் இடத்தில் அவன் புத்தகப்பையை வைத்துவிட்டு, நான்காம் இடத்தில் அவனை நிற்கச் சொன்னார். பையை யாரும் எடுத்துவிடக் கூடாது என்று ஓர் ஆளையும் அதன் அருகில் நிறுத்தினார்.

ஒரு வாரம் ஆவதற்குள் மாடத்தி தலைவிரி கோலமாக வந்தாள்.

"இது என்ன அண்ணாச்சி அநியாயம்? எந்தச் சொல்லைக் காட்டினாலும் எம்மவன் ஓட வேண்டியிருக்கு. ஈ இல்லாத சொல்லே இங்கிலீசுல இல்லைங்காவ. பிள்ளை கால் வீங்கிக் கிடக்கான். தளவாய் அண்ணாச்சி பேரன் இஸட்டு! அவன் வேப்ப நிழல்ல உக்காந்து நெல்லிக்காய் திங்கான். சீட்டைத் தளவாய் அண்ணாச்சிதானே குலுக்கினாவ?"

"பிள்ளையார் முன்னால குலுக்கினதும்மா" என்றார் தளவாய், பெருமூச்சோடு.

"பிள்ளையாருக்கு இங்கிலீசு தெரியுமா?"

நெடுநேர ஆலோசனைக்குப் பின் அரியநாயகம் தீர்ப்புச் சொன்னார்: "ஒரு நாள் ஈ நிக்கட்டும். மறுநாள் அந்த இடத்துல இஸட்டு நிக்கட்டும். நம்ம வயல்ல நேத்து ஒருத்தன் நடுதான், இன்னைக்கு இன்னொருத்தன் நடுதான். ஆள் மாறினா நெல்லு மாறுதா?"

மாறாது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

இலக்கணத்தைப் பங்கிடுவது இதைவிடச் சுலபமாக இருந்தது. காலம் மூன்று, வகுப்பு மூன்று. "எட்டாம் வகுப்புப் பிள்ளையளுக்குத்தான் எதிர்காலத்தப் பத்தின கவலை" என்று மாடத்தி எடுத்துச் சொன்னதால் எதிர்காலம் எட்டுக்குப் போயிற்று. நிகழ்காலம் ஏழுக்கு. இறந்தகாலம் ஆறுக்கு. ஒருவர் காலத்தை மற்றவர் தொடக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு.

புதுச் சொற்களையெல்லாம் ஜெபக்கனி டீச்சர் ஒரு பெரிய அட்டையில் வண்ண மையால் எழுதி வகுப்பு வாசலில் தொங்கவிட்டுப் போயிருந்தார். மதிய உணவு வேளையில், ஏழும் எட்டும் சாப்பிடப் போயிருக்க, ஆறாம் வகுப்பு மட்டும் காவலுக்கு இருந்தது. அப்போது ஊர்க்காவலனின் வெள்ளாடு ஒன்று வந்து அட்டையைத் தின்னத் தொடங்கியது.

பிள்ளைகள் பார்த்தார்கள். ஆடு தின்கிறது என்று சத்தம் போட அவர்களுக்கு உரிமை இல்லை. அது ஏழாம் வகுப்பின் சொத்து. ஆகவே கைகட்டிப் பொறுமையாக நின்றார்கள். கடைசித் துண்டும் உள்ளே போய், ஆடு வாயைத் துடைத்துக்கொண்ட பிறகு, எல்லாரும் ஒரே குரலில், துளிப் பிழையில்லாத இறந்தகாலத்தில், ஆடு தின்றது என்று ஆங்கிலத்தில் கூவினார்கள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த அரியநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன சுத்தமாச் சொல்லுதுவ பாத்தியா!" என்றார்.

"அது சரி, சொல்லெல்லாம் போச்சே" என்றார் தளவாய்.

"எங்க போச்சு? ஆட்டுக்குள்ளதானே இருக்கு" என்றார் ஊர்க்காவலன். ஆட்டை வகுப்பிலேயே கட்டிவைப்பது என்று தீர்மானம் ஆயிற்று. சோதனை முடியும்வரை அதை விற்கவோ வெட்டவோ மாட்டேன் என்று ஊர்க்காவலன் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார்.

மிஞ்சியது உவமை. புரியாததைச் சொல்ல விடாதீர்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார் அல்லவா? தேனீயைப் போலச் சுறுசுறுப்பு என்று புத்தகத்தில் இருந்தது. அது மெய்யா பொய்யா என்று பார்த்துவரத் தளவாய் தேன்கூட்டுக்கு அருகே போய் உட்கார்ந்தார். மாலையில் திரும்பியபோது அவர் முகத்தில் மூக்கு எது, கன்னம் எது என்று தெரியவில்லை.

"மெய்தான்" என்றார், உதடு பிரியாமல்.

அடுத்த உவமை, பனியைப் போல வெண்மை. அதற்குத்தான் சாட்சி கிடைக்கவில்லை. கார்த்திகைப் பனியைக் கையில் அள்ளிப் பார்த்தார்கள், நிறமே இல்லை. "கண்ணால காணாததைப் பிள்ளைய கவர்மெண்டு அதிகாரி முன்னால சொன்னா, அது பொய்ச்சாட்சி ஆயிராதா?" என்று மாடத்தி கேட்டாள்.

ஊரில் எல்லார் கண்ணுக்கும் தெரிந்த வெண்மை தலைவரின் வேட்டி ஒன்றுதான். ஆகவே அரியநாயகத்தின் வேட்டியைப் போல வெண்மை என்று உவமை திருத்தி எழுதப்பட்டது. அன்றிலிருந்து சோதனை நாள்வரை அரியநாயகம் எங்கும் உட்காரவில்லை. டீக்கடையில் நின்றார். கோயிலில் நின்றார். வீட்டில் சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஏந்தி நின்றார். முழங்கால் வலித்தது. சம்பந்தி விரிக்கப்போகும் பாயை நினைத்துக்கொள்வார், வலி பறந்துவிடும்.

மார்கழிப் பிறப்பன்று அதிகாரி அம்மாள் ஜீப்பில் வந்து இறங்கினார். வேடிக்கை பார்க்கச் சங்கரபாண்டியனும் குளத்தங்கரை வழியாக வந்து சேர்ந்தார். அதிகாரி முதல் பையனைக் கூப்பிட்டு, டீச்சர் என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார்.

"எனக்கு ஆர் மட்டுந்தான் தெரியும் மேடம். மத்தவங்களைக் கூப்பிடட்டா?" என்றான் அவன்.

கூப்பிட்டான். எழுத்துகள் ஓடிவந்து நின்றன. அன்று இஸட்டின் முறை. டீச்சருக்குள் இரண்டு இடத்தில் இஸட் நிற்க வேண்டியிருந்ததால், ஓரிடத்தில் தளவாயின் பேரனும் மற்றோரிடத்தில் அவன் புத்தகப்பையும் நின்றன. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பை அங்கேயேதான் இருந்தது.

ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம், இப்போது என்ன செய்கிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிள்ளை பதில் சொல்லவில்லை. அதிகாரி அலுத்துப்போய் அடுத்த பிள்ளையிடம் நகர்ந்த பிறகுதான், நான் நின்றேன் என்று ஆங்கிலத்தில் முதுகுக்குப் பின்னால் பதில் வந்தது.

"புதுச் சொற்கள் எங்கே?" என்று கேட்டார். எல்லாரும் ஆட்டைக் காட்டினார்கள்.

கடைசியாக, எதைப் போல வெண்மை என்று கேட்டார். இருபத்தேழு குரலும் ஒன்றாக அரியநாயகத்தின் வேட்டியைச் சொல்லின. அரியநாயகம் முன்னால் வந்து, ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

"ஐயா, நீங்க முதல்ல உக்காருங்க" என்றார் அதிகாரி.

"உக்காந்தா உவமை கெட்டுப்போகும்மா" என்றார் அரியநாயகம் பணிவாக.

சங்கரபாண்டியன் சிரித்த சிரிப்பு அக்கரைக்குக் கேட்டது. அரியநாயகத்தின் காது இரண்டும் சுட்டது. ஜீப் புதுமடைக்குப் புறப்பட, கழகத்தாரும் கனத்த மனத்தோடு பின்னால் நடந்தார்கள்.

புதுமடையில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் பங்கிடும் வகையினர் அல்லர். ஆங்கிலம் முழுவதையும் கெட்டிக்காரப் பையன் ஒருவன் தலையிலேயே ஏற்றியிருந்தார்கள். ஏற்றியது சிந்திவிடக் கூடாதே என்று அவன் காது இரண்டிலும் பஞ்சை அடைத்து, மேலே துண்டால் கட்டி, ஒரு வாரமாகத் தலையைச் சாய்க்காமல் வைத்திருந்தார்கள். அதிகாரி கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவன் இனிமையாகப் புன்னகை செய்தான். பஞ்சை எடுங்கள் என்று அதிகாரி சொன்னார். ஊரே திரண்டு தடுத்துவிட்டது.

அதிகாரி நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஜீப்பின் மேல் சாய்ந்தார். பிறகு சொன்னார்:

"ரெண்டு ஊரும் சமம். எதை மூடுறதுன்னு எனக்குத் தெரியலை. ரெண்டும் இருக்கட்டும். இருக்கிற இங்கிலீஷை நீங்களே பாதிப் பாதியாப் பிரிச்சுக்குங்க. ஆனா ஒண்ணு. கோணமடைப் பள்ளியில பெயர்ப்பலகையே இல்லை. பொங்கலுக்கு முந்தி ஊர்ப்பேரை இங்கிலீஷ்ல எழுதி மாட்டியிருக்கணும். இல்லைன்னா அப்படி ஒரு பள்ளியே கிடையாதுன்னு எழுதிட்டுப் போயிருவேன்."

அதிகாரி சொல்லைத் தட்டலாமா? மறுநாளே இரண்டு ஊராரும் குளக்கரையில் கூடினார்கள். கொல்லன் தகரத்தில் இருபத்தாறு எழுத்தையும், எழுத்துக்கு நாலைந்தாக, வெட்டிக் கொடுத்தான். ஊருக்குப் பதின்மூன்று எழுத்து என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். கோணமடைக்கு நல்ல காலம். ஊர்ப்பேருக்கு வேண்டிய எழுத்தெல்லாம் அவர்கள் பங்கிலேயே விழுந்தன, ஓ என்ற ஒன்றைத் தவிர. ஓ புதுமடைக்குப் போய்விட்டது.

"உங்க பள்ளிக்கூடப் பலகையில எங்க எழுத்தும் இருக்கேவே" என்று தளவாய் மடக்கிப் பார்த்தார்.

"அது பாகப்பிரிவினைக்கு முந்தி எழுதினது. செல்லாது" என்றார் சங்கரபாண்டியன். "ஓ வேணும்னா சம்பந்தியே நேர்ல வந்து கேக்கட்டும். குடுக்கோம்."

பொங்கல் நெருங்கியது. கேட்டால் மானம் போகும். கேட்காவிட்டால் பள்ளி போகும். அரியநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில், திடீரென்று அவர் முகம் தெளிந்தது. மருமகளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, வருசாவருசம் உங்க அப்பா பொங்கப்படி கொண்டு வருவாரே, என்னென்ன வைப்பாரு?"

"பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சக்குலை, பனங்கிழங்கு. எல்லாந்தான் மாமா."

"இந்த வருசம் அதோட ஒரு ஓ-வும் வைக்கச் சொல்லு. மாப்பிள்ளை வீட்டுல எதிர்பாக்காவன்னு சொல்லு."

செய்தி போயிற்று. பெண்ணைக் கொடுத்த வீடு, மாப்பிள்ளை வீட்டார் எதிர்பார்க்கும் பொங்கல்படியை இல்லை என்று சொன்னதாக அந்தப் பக்கத்தில் சரித்திரம் கிடையாது. பித்தளைத் தாம்பாளத்தில் பச்சரிசி, வெல்லம், மஞ்சள்குலை, அதன் நடுவே பொட்டு வைத்துப் பூச்சுற்றிய தகர ஓ. கரும்புக் கட்டோடு, மேளம் முன்னால் போக, அவரே எடுத்து வந்தார். கோணமடை முழுவதும் தெருவில் நின்று பார்த்தது.

அரியநாயகம் அன்றுதான் பல நாட்களுக்குப் பிறகு நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். தாம்பாளத்தை வாங்கி, ஓ-வை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் புருவம் ஏறியது.

"என்ன சம்பந்தி இது? நடுவுல இவ்வளவு பெரிய ஓட்டை இருக்கு!"

கூட்டம் எட்டிப் பார்த்தது. மெய்தான். ஓட்டை வழியாகச் சங்கரபாண்டியனின் முகமே முழுசாகத் தெரிந்தது.

"ஓட்டைச் சாமானை யாராவது சீர்ல வைப்பாவளா?" என்றாள் மாடத்தி, கன்னத்தில் கை வைத்து.

சங்கரபாண்டியனுக்கு வியர்த்துவிட்டது. "கொல்லன் பய ஏமாத்திப்புட்டான் சம்பந்தி! நான் கவனிக்கலையே! மன்னிச்சிரணும்" என்று ஓ-வைப் பிடுங்கிக்கொண்டு, மேளக்காரரையும் விட்டுவிட்டு, கொல்லன் பட்டறைக்கு ஓடினார். ஒரு நாழிகையில் திரும்பி வந்தார். ஓட்டை இருந்த இடத்தில் கனத்த தகரம் வைத்துப் பற்றவைத்து, ஓ இப்போது ஒரு மூடிபோல முழு வட்டமாக இருந்தது. அரியநாயகம் அதை வெயிலில் தூக்கிப் பார்த்தார். துளி வெளிச்சம் வரவில்லை. மேலே ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

"இதுதான் ஓ" என்றார். சம்பந்திமார் இருவரும் கட்டிக்கொண்டார்கள்.

அந்த நெருக்கத்தில்தான் சங்கரபாண்டியன், அரியநாயகத்தின் காதோடு, மிகுந்த அக்கறையாக ஒரு சொல் சொன்னார்: "தப்பா எடுத்துக்கிடாதிய சம்பந்தி. உங்க பங்குல வந்த ஏ மூணுலயும், டி-லயும் கூட ஓட்டை இருக்கு. அதிகாரி கண்ணுல பட்டா நம்ம ரெண்டு பேருக்கும்தானே கேவலம்?"

அரியநாயகம் நன்றியோடு அவர் கையைப் பிடித்தார். அந்த நான்கு எழுத்தும் அப்போதே பட்டறைக்குப் போயின. இவ்வாறாக, எங்கு தேடினாலும் ஒரு சின்ன ஓட்டைகூட இல்லாத சுத்தமான ஆங்கிலத்தில் கோணமடைப் பள்ளியின் பெயர்ப்பலகை எழுதி மாட்டப்பட்டது. அதிகாரி அம்மாள் வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்து, பலகை இருக்கிறது என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பள்ளி கோணமடையிலேயே நிலைத்த நாள், மார்கழி மாதம் இருபத்தைந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை.